மேக்னிஃபிகேஷன்: காலி இருக்கையில் அமர்ந்த ஆர்கெஸ்ட்ரா

மேக்னிஃபிகேஷன், இங்கிலாந்தைச் சேர்ந்த யெஸ் என்னும் ராக் இசைக்குழு செப்டம்பர் 2001இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு. பத்துப் பாடல்கள், ஏறத்தாழ ஒரு மணி நேரம். குழுவின் நான்கு உறுப்பினர்களும் ஒரு முழு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து உருவாக்கியது. ராக் இசையில் ஆர்கெஸ்ட்ராவைச் சேர்ப்பது 2001இல் புதுமை அல்ல. ஆனால் அது பாட்டுக்கு அலங்காரமா, பாட்டின் உறுப்பா என்ற பழைய கேள்விக்கு இத்தொகுப்பு தெளிவான ஒரு விடையைத் தருகிறது. அதுவே இதன் முக்கியத்துவம்.

ராக்கும் ஆர்கெஸ்ட்ராவும்

1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான புரோகிரசிவ் ராக், மூன்று நிமிடப் பாடல் என்ற அளவை மீறி, செவ்வியல் இசையைப் போல நீண்ட, பல பகுதிகள் கொண்ட வடிவங்களை நாடியது. ஆகவே ஆர்கெஸ்ட்ரா மீது அதற்கு இயல்பாகவே ஈர்ப்பு இருந்தது. மூடி ப்ளூஸ் குழுவின் டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்டு (1967) தொகுப்பில் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் பெரும்பாலும் மாறி மாறி வருகின்றன. ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கிறது. டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்டு எழுதி, 1969இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் மால்கம் ஆர்னால்டு நடத்திய கான்செர்ட்டோவில் இரண்டும் எதிரிகளைப் போல மோதிக்கொள்கின்றன.

யெஸ் குழுவுக்கும் இதில் ஒரு கசப்பான முன்வரலாறு உண்டு. அதன் இரண்டாவது தொகுப்பான டைம் அண்ட் எ வேர்டு (1970) டோனி காக்ஸ் அமைத்த ஆர்கெஸ்ட்ராவுடன் வந்தது. கிட்டார் வாசித்திருக்க வேண்டிய இடங்களை வயலின்கள் எடுத்துக்கொண்டன. கிட்டார் கலைஞர் பீட்டர் பேங்க்ஸ் அதை விரும்பவில்லை. தொகுப்பு வெளிவரும் முன்பே அவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அமெரிக்கப் பதிப்பின் அட்டைப்படத்தில், அத்தொகுப்பில் ஒரு சுரம்கூட வாசிக்காத ஸ்டீவ் ஹவ் இருந்தார். இருக்கும் ஒருவரின் இடத்தை ஆர்கெஸ்ட்ரா பறித்துக்கொண்டதற்கு இது சிறந்த உதாரணம்.

பின்னணி

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. கீபோர்டு வாசித்துவந்த இகோர் கோரோஷெவ் 2000இல் விலகினார். எஞ்சியவர்கள் ஜான் ஆண்டர்சன் (குரல்), ஸ்டீவ் ஹவ் (கிட்டார்), கிறிஸ் ஸ்குவையர் (பேஸ் கிட்டார்), ஆலன் வைட் (டிரம்ஸ்). யெஸ் இசையில் கீபோர்டு துணைக்கருவி அல்ல. ரிக் வேக்மன் காலத்திலிருந்தே ஆர்கனும் மெலோட்ரானும் மூக் சிந்தசைசரும் அதன் முகமாக இருந்தன. மெலோட்ரான் என்பதே காந்த நாடாவில் பதிந்த வயலின் ஒலியை விசைப்பலகையால் எழுப்பும் கருவி. ஆர்கெஸ்ட்ராவின் மலிவான மாற்று. குழு புதிய கீபோர்டுக் கலைஞரைத் தேடாமல், அந்த இருக்கையில் உண்மையான ஆர்கெஸ்ட்ராவையே அமர்த்தியது. திரைப்பட இசையமைப்பாளர் லாரி குரூபே ஆர்கெஸ்ட்ரா பகுதிகளை அமைத்து நடத்தினார். டிம் வைட்னர் குழுவுடன் சேர்ந்து தயாரித்தார்.

இசை அமைப்பு

கீபோர்டுக் கலைஞர் ஒத்திகையின்போதே மற்றவர்களுக்குப் பதில் சொல்ல முடியும். ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒவ்வொரு சுரமும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். மேலும், செல்லோவும் டபுள் பேஸும் ஒலிக்கும் தாழ்ந்த பகுதியிலேயே பேஸ் கிட்டாரும் ஒலிக்கிறது. ஸ்குவையரின் பேஸ் கிட்டாரோ எப்போதும் முன்னுக்கு வந்து பேசும் இயல்புடையது. இந்த இரு சிக்கல்களையும் மீறி, எழுதிவைத்த இசை உரையாடலாகக் கேட்கும் இடங்களே இத்தொகுப்பின் வெற்றி.

ஸ்பிரிட் ஆஃப் சர்வைவல் பாடலில் பேஸ் கிட்டாரின் முரட்டுத் தொடர் முன்னே செல்ல, ஆர்கெஸ்ட்ரா குறுகிய வெட்டுகளாகக் குறுக்கிடுகிறது. இங்கே அது மெத்தை விரிக்கவில்லை, வாதம் செய்கிறது. கிவ் லவ் ஈச் டே பாடலில் குழு நுழையும் முன் ஆர்கெஸ்ட்ரா தனியாக நீண்ட முன்னுரை சொல்கிறது. ட்ரீம்டைம் கிட்டாரில் தொடங்கிப் பத்து நிமிடங்களைத் தாண்டிச் செல்கிறது. அதன் கடைசிச் சொல் ஆர்கெஸ்ட்ராவுக்கே விடப்படுகிறது.

தொகுப்பின் உச்சம் நான்கு பகுதிகள் கொண்ட இன் தி பிரசென்ஸ் ஆஃப். இது எளிய பியானோவில் தொடங்குகிறது. வாசிப்பவர் டிரம்ஸ் கலைஞரான ஆலன் வைட். ஆண்டர்சனின் குரல் அவசரமின்றி மேலேற, வயலின்கள் அதன் பின்னால் மெல்லச் சேர்கின்றன. இறுதியில் ஹவ்வின் ஸ்டீல் கிட்டார் இழுத்து நீட்டும் சுரங்களை எடுத்துக்கொள்கிறது. வயலினைப் போலவே சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லக்கூடிய கருவி அது. அதனால் குழு எங்கே முடிகிறது, ஆர்கெஸ்ட்ரா எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாமல் போகிறது.

குறைகள்

எல்லாப் பாடல்களும் இந்த உயரத்தில் இல்லை. டோன்ட் கோ கேட்க இனிமையான பாடல்தான், ஆனால் ஆர்கெஸ்ட்ராவை நீக்கினாலும் அதற்குப் பெரிய இழப்பில்லை. சாஃப்ட் ஆஸ் எ டவ், வீ அக்ரீ ஆகியவற்றில் வயலின்கள் திரைப்படப் பின்னணி இசையைப் போல உணர்ச்சியை அடிக்கோடிடுகின்றன. புதிதாக எதையும் சொல்வதில்லை. அன்பு, ஒளி, விழிப்பு என்று பொதுச்சொற்களிலேயே சுற்றும் ஆண்டர்சனின் வரிகளுக்கு மேல் இந்த இனிப்பும் சேரும்போது திகட்டுகிறது. குழுவின் 1970களின் பதிவுகளில் இருந்த ஆபத்தான வேகமும் இங்கே குறைவு.

மதிப்பீடு

இந்த முயற்சியின் எல்லையை மேடை காட்டியது. 2001 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமில் ஆர்கெஸ்ட்ராவுடன் நடந்து, பின்னர் சிம்பொனிக் லைவ் என்று வெளிவந்த நிகழ்ச்சியில் டாம் பிரிஸ்லின் கீபோர்டு வாசித்தார். பழைய பாடல்களுக்கு அத்தனை வயலின்கள் இருந்தும் கீபோர்டு தேவைப்பட்டது. ஆர்கெஸ்ட்ராவை எந்தப் பாடலிலும் பின்னர் ஒட்டவைத்துவிட முடியாது. அதற்கென்று இடம் விட்டு எழுதிய இசையில் மட்டுமே அது உறுப்பினராகிறது. மேக்னிஃபிகேஷன் சிறக்கும் பாடல்களும் தடுமாறும் பாடல்களும் இதையே மெய்ப்பிக்கின்றன.

ஆண்டர்சன் யெஸ் குழுவுடன் பதிவுசெய்த கடைசி ஸ்டுடியோ தொகுப்பாக இது அமைந்தது. அடுத்த தொகுப்பு வர பத்து ஆண்டுகள் ஆயின. அதில் அவர் குரல் இல்லை. ஸ்குவையர் 2015இலும் வைட் 2022இலும் காலமானார்கள். புதிதாகக் கேட்பவர்கள் டைம் அண்ட் எ வேர்டு தொகுப்பை முதலில் கேட்டுவிட்டு, இன் தி பிரசென்ஸ் ஆஃப் பாடலுக்கு வரலாம். முதலாவதில் ஆர்கெஸ்ட்ரா ஒருவரை வெளியே தள்ளியது. இரண்டாவதில் அது நால்வருடன் ஐந்தாவதாக அமர்ந்து வாசிக்கிறது.