டேப் விசை எங்கே நிற்க வேண்டும்?

பாஷ் ஷெல்லுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு யோசனை கைமாறிக்கொண்டே இருக்கிறது: "இன்புட்ஆர்சி கோப்பில் டேப் விசைக்கு மெனு-கம்ப்ளீட் என்று போட்டுடு, வேலை சுலபம்." நானும் பல வருஷம் அப்படித்தான் வைத்திருந்தேன். அது தப்பு என்பது இப்போது என் கட்சி.

பாஷில் இந்த வேலையைச் செய்வது ரீட்லைன் நூலகம். ஒரு அடைவில் ஸ்கேன்-1, ஸ்கேன்-2 என்று இரண்டு இருந்தால், "ஸ்" அடித்து டேப் தட்டினதும் "ஸ்கேன்-" வரை நிரப்பிவிட்டு நின்றுவிடும். இன்னும் இரண்டு முறை தட்டினால் பட்டியல் வரும். மெனு-கம்ப்ளீட் நிற்காது. முதல் தட்டிலேயே ஸ்கேன்-1 என்று முழுப்பெயரையும் போட்டுவிடும்; அடுத்த தட்டில் ஸ்கேன்-2.

நான் அழிக்க நினைத்தது ஸ்கேன்-2. 'ஆர்எம்' கட்டளை, டேப், என்டர். கை தன் பழக்கத்தில் போய்விட்டது. போனது ஸ்கேன்-1. ஒரு பெரியவர் வீட்டில் உட்கார்ந்து எடுத்த பழைய பத்திரிகைப் பக்கங்கள் அவை. பிரதி எடுத்து வைக்காதது என் முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். மறுபடி எடுக்கலாம் என்று போனபோது பெரியவர் காலமாகியிருந்தார். பத்திரிகைகளை எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.

பழைய அமைப்பே இருந்திருந்தால் கட்டளை "ஸ்கேன்-" என்ற அரைப்பெயரோடு போயிருக்கும். அப்படி ஒரு கோப்பே இல்லை என்று ஆர்எம் திட்டியிருக்கும், அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. ஸ்கேன், ஸ்கேன்-பழசு என்று பெயர் வைத்திருந்தால் பழைய அமைப்பும் "ஸ்கேன்" என்ற முழுப்பெயரில்தான் நிற்கும். அங்கே அது காப்பாற்றாது. முதல் தட்டுக்கு வெறும் 'பீப்' சத்தம் மட்டும் தருவதும் எரிச்சல்தான். ஆனால் அதற்கு மருந்து வேறே இருக்கிறது: ஷோ-ஆல்-இஃப்-ஆம்பிகுவஸ் என்பதை 'ஆன்' செய்தால் முதல் தட்டிலேயே பட்டியல் வந்துவிடும், பெயரும் பொதுப்பகுதியோடு நிற்கும்.

இசட்ஷெல் இதை ஒழுங்காக வரிசைப்படுத்தியிருக்கிறது. 1990-இல் பால் ஃபால்ஸ்டாட் எழுதியது அது. அதன் இயல்பான அமைப்பில், பொதுப்பகுதிக்கு மேல் நிரப்ப வழியில்லாதபோது முதலில் பட்டியலைக் காட்டும். அதற்குப் பிறகும் தட்டினால்தான் ஒவ்வொரு பெயராக வரும். என்னென்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே தேர்வு.

மெனு-கம்ப்ளீட் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என்னுடைய கோப்பில் அதை ஷிஃப்ட்-டேப்புக்கு மாற்றிவிட்டேன். தெரிந்தே கேட்டால் வரட்டும். இன்புட்ஆர்சியில் எழுதுவது பாஷுக்கு மட்டுமல்ல, ஜிடிபி மாதிரி ரீட்லைனை நம்பியிருக்கிற மற்ற நிரல்களுக்கும் போய்ச் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்த முறை யாராவது அந்த ஒரு வரியைக் கொடுத்தால், வாங்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு காலி அடைவில் இரண்டு கோப்புகளை வைத்து டேப் தட்டிப் பாருங்கள். எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.