அக்காள் பெயரும் தங்கை பெயரும்

மூத்தவள் தர்ஷினி, அடுத்தவள் ஹாசினி என்று இருக்கும் வீட்டில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால், பெயருக்கான பேச்சு பெரும்பாலும் கடைசி எழுத்திலிருந்துதான் தொடங்குகிறது. ரோஷினியா, யாழினியா என்று கேட்கிறார்கள். தேனி மாவட்டத்தில், கொடைக்கானல் மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இன்று இதுதான் நடப்பு. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் இந்தப் பழக்கம் இன்னும் பழையது. சாந்தினி, நந்தினி, மாலினி என்றும், யோகராணி, தவராணி, புஷ்பராணி என்றும் அக்கா தங்கைமார் ஒரே ஓசையில் அடுக்கப்பட்ட குடும்பங்கள் அங்கே இரண்டு தலைமுறைக்கு முன்பே ஏராளம். பிறந்த பெண்ணின் பெயர் மூத்த பிள்ளைகளின் பெயரோடு பொருந்த வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அந்தப் பொருத்தத்தைப் பெயரின் வாலில் தேடுவதுதான் தவறு. இரண்டு ஊர் வழக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொருத்தம் பெயர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆசை நியாயம் என்பதற்குக் காரணம் உண்டு. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கெங்குவார்பட்டியானாலும் பருத்தித்துறையானாலும் அப்பாவின் பெயரிலுள்ள முதலெழுத்துத்தான் உடன்பிறந்தாரைச் சேர்த்துக் கட்டுகிறது. கல்யாணமானால் பல பெண்களுக்கு அதுவும் மாறிவிடும். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று ஊர் அறிய ஏதாவது அடையாளம் வேண்டாமா? குடும்பப் பெயர் செய்ய வேண்டிய வேலையை இந்த ஓசை ஒற்றுமை செய்கிறது. ஆகவே இதை வெறும் மோகம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் பழைய வழக்கம் இதே வேலையை வேறு விதமாகச் செய்தது. பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரன், பெயர்த்தி என்பவற்றின் தேய்வு. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்கியவர்கள் என்று பொருள். தேனிப் பக்கம் மூத்த பெண்ணுக்கு அப்பத்தா பெயர், அடுத்தவளுக்கு அம்மாச்சி பெயர், அதற்கடுத்தவளுக்குக் குலசாமி பெயர் என்று போகும். கெங்குவார்பட்டிக்குப் பக்கத்துத் தேவதானப்பட்டியில் மூங்கிலணைக் காமாட்சி சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்தபடியே பூசை ஏற்கிறாள். அவள் பெயர் வீட்டுக்கு வீடு உண்டு. பேச்சியம்மாள், ஒச்சம்மாள், சுருளியம்மாள் எல்லாம் இப்படி வந்தவைதான். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால், அப்பத்தா பெயர் வைத்த குழந்தையைப் பெற்றவளே ‘ஆத்தா’ என்றும் ‘பாப்பா’ என்றும்தான் கூப்பிட்டாள். இலங்கையிலும் 19ஆம் நூற்றாண்டில் இதே வழிதான். பொன்னம்பலம் முதலியாரின் மூன்று மகன்களை எடுத்துக்கொள்ளுங்கள்: குமாரசாமி, இராமநாதன், அருணாசலம். மூத்தவர் பெயர் தாய்வழிப் பாட்டனாருடையது, இளையவர் பெயர் தந்தைவழிப் பாட்டனாருடையது. ஓசையில் மூன்றும் ஒட்டவே ஒட்டாது. ஆனாலும் ஒரே வீட்டுப் பெயர்கள் என்பதில் யாருக்கும் ஐயம் வராது. பொருத்தம் அங்கே மேலிருந்து கீழாக, தலைமுறை வழியாக வந்தது.

அது எப்படிப் பக்கவாட்டில் திரும்பி, கடைசி எழுத்துக்குப் போய் நின்றது? நட்சத்திர எழுத்துக்கு இதில் பெரிய பங்கு இருப்பதாக நினைக்கிறேன். பஞ்சாங்கத்தில் 27 நட்சத்திரத்துக்கும் பாதத்துக்கு ஓர் எழுத்து போட்டிருக்கிறார்கள். அசுவினி என்றால் சு, சே, சோ, லா. அந்தப் பட்டியல் தமிழுக்காகப் போட்டதல்ல என்பது திருவாதிரையின் மூன்றாம் பாதத்துக்கு ‘ங’ என்று இருப்பதைப் பார்த்தாலே தெரியும். ஙகரத்தில் தொடங்கும் பெயரை எந்தத் தமிழ் வீட்டில் வைப்பது? எழுத்துப் பார்த்துத்தான் பெயர் என்றான பிறகு அக்காளுக்கு ஒரு முதலெழுத்து, தங்கைக்கு வேறு முதலெழுத்து என்று ஆகிவிடுகிறது. முன்பக்கம் ஜோசியர் கையில் போய்விட்டதால், பெற்றோருக்கு மிஞ்சுவது பின்பக்கம் மட்டும். ‘ஸ்ரீ’யும் ‘இனி’யும் ‘இகா’வும் ‘ஷா’வும் இங்கே இவ்வளவு பெருகியதற்கும், யாழ்ப்பாணத்தில் ஒரே வாலுள்ள வரிசைகள் உண்டானதற்கும் இது ஒரு காரணம். தலையும் வாலும் முன்கூட்டியே முடிவாகிவிட்ட பெயருக்கு நடுவில் பொருள் நுழைய இடம் குறைவு. பிள்ளை வளர்ந்து என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்கும்போது சொல்ல எதுவும் இல்லாத பெயர்கள் இப்படித்தான் வருகின்றன.

பழைய வழக்கமே சிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தேனி, உசிலம்பட்டி வட்டாரங்களில் போதும்பொண்ணு என்ற பெயர் உண்டு. யோசித்துப் பார்த்தால், மூத்த பிள்ளைகளோடு முழுக்கப் பொருந்துமாறு வைத்த பெயர் அதுதான். முன்னே பெண்கள் பிறந்திருந்தால் மட்டுமே அதற்கு அர்த்தம் உண்டு. பள்ளி வருகைப் பதிவிலும் ரேஷன் அட்டையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அந்தப் பெண் அந்தச் சொல்லைச் சுமக்கிறாள். திருத்தணிப் பக்கத்தில் ‘வேண்டாம்’ என்றே பெயர் வைத்தார்கள். மராட்டியத்தின் சதாரா மாவட்டத்தில் ‘நகூசா’, அதாவது வேண்டாதவள், என்று பெயர் பெற்றிருந்த 285 பெண்களுக்கு 2011 அக்டோபரில் விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டினார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தேனிக்கும் நீட்டிக்க வேண்டியிருந்த நாட்டில், இந்தப் பெயர்களை வெறும் வழக்கம் என்று சொல்லிக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த ஓரிடத்தில் யாழ்ப்பாணத்து ஓசை வரிசை நிச்சயமாக மேலானது. புஷ்பராணிக்கு எத்தனை இடமோ அத்தனை இடம் தவராணிக்கும் உண்டு; கடைசியாகப் பிறந்தவளின் பெயரில் முற்றுப்புள்ளி இல்லை.

அப்படியானால் ஓசையே போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒரே வாலுள்ள மூன்று பெயரில் ஒன்றை வாசலில் நின்று கூப்பிட்டால் மூன்று பேரும் திரும்புவார்கள். கூப்பிடுகிற குரல் ஓங்கி நீள்வது கடைசி அசையில்தான், அது மூவருக்கும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்குப் பிள்ளை தனி ‘வீட்டுப் பெயர்’ வைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரே மூலம், வேறு வேறு ஓசை என்பதற்கு இரு நாட்டிலும் நல்ல முன்மாதிரிகள் உண்டு. 1990களில் வன்னியில் தூய தமிழ்ப் பெயர் வைத்த வீடுகளில் கயல்விழிக்குப் பின் தமிழினி வந்தாலும் இசை ஒக்காது, இனம் ஒக்கும். கருணாநிதி வீட்டில் முத்து என்பது அவருடைய தந்தை முத்துவேலரின் நினைவு, அழகிரி என்பது பட்டுக்கோட்டை அழகிரியின் நினைவு, 1953 மார்ச்சில் பிறந்தவருக்கு அதே வாரம் மறைந்த ஸ்டாலினின் பெயர். கூடவே செல்வி, தமிழரசு, கனிமொழி. ஒரே அச்சில் வார்க்காத பெயர்கள். எல்லாவற்றுக்கும் ஊற்று அந்த மனிதரின் பற்றுகள்தான். பண்ணைப்புரத்து இளையராஜாவின் மகன்கள் இருவருக்கும் பெயர் ‘ராஜா’ என்று முடிய, பவதாரிணி மட்டும் தனித்து நின்றார். அதனால் அவர் அந்த வீட்டுப் பெண் இல்லை என்று ஆகிவிடவில்லை.

அப்பத்தா பெயர் வைத்தால் பள்ளியில் பிள்ளையைக் கேலி செய்வார்கள் என்பது பெற்றோர் சொல்லும் வலுவான மறுப்பு. மூத்தவள் தர்ஷினியாக இருக்க, இளையவளை மட்டும் பேச்சியம்மாள் ஆக்கினால் அவள் குறைபடுவாள் என்பது உண்மைதான். மூத்தவர்களை விட்டுவிட்டு ஒருத்தியின் தலையில் மட்டும் குலத்தைச் சுமத்தக் கூடாது. ஆனால் ஹாசினி என்றால் சிரிப்பவள், தர்ஷினி என்றால் காண்பவள். அந்த வழியிலேயே போய்ச் சிரிப்பையும் பார்வையையும் போல முகத்தைச் சேர்ந்த இன்னொரு பொருளைத் தேடலாம். கயல்விழி அங்கே இயல்பாக உட்காருவாள். காமாட்சியும் வரலாம், அவள் பெயரிலேயே கண் இருக்கிறது. அப்பத்தாவுக்கும் அது ஆறுதலாக இருக்கும்.

அவசரமும் இல்லை. இலங்கையில் பிறப்பைப் பதிய 42 நாள் தருகிறார்கள். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் சொன்ன பிறகும் கையில் நாள் மிச்சமிருக்கும். இங்கே 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்தாக வேண்டும். ஆனால் பெயர் எழுதாமலே பதியலாம், 12 மாதம்வரை கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் பிள்ளை குப்புறப் படுத்து, தவழ்ந்து, எழுந்து நிற்கத் தொடங்கிவிடும். அக்காள்மார் இருவரும் அதற்குள் அவளை எதையாவது சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அதையும் ஒரு முறை காதில் வாங்கிக்கொள்ளலாம்.