கடையை மூட வைத்தவனின் காதல்

எதிரும் புதிருமாகத் தொடங்கிக் காதலில் முடிகிற கதைகளுக்கு இப்போது ஒரு தத்துவமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. நம்மை உள்ளபடி பார்க்கிறவர் நண்பர் அல்ல, போட்டியாளர்தான் என்கிறார்கள். அவரோடு முட்டி மோதும்போதுதான் நமக்குள் அடைந்து கிடக்கும் ஆள் வெளியே வருகிறார். ஆகவே இந்தக் காதல் இருவரும் தங்களைக் கண்டடையும் வழி என்பது வாதம். சாலி தார்னின் ‘தி ஹேட்டிங் கேம்’ (2016), எமிலி ஹென்றியின் ‘பீச் ரீட்’ (2020) போன்ற நாவல்கள் மீதான பாராட்டுகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. பேச்சு கொஞ்சம் நீண்டால், இந்த வகைக்கு முன்னோடி என்று நோரா எஃப்ரானின் ‘யூ’வ் காட் மெயில்’ (1998) படத்தைக் காட்டுவார்கள். அந்தப் படத்தைக் காட்டும்போதெல்லாம் எனக்கு மறுத்துப் பேசத் தோன்றும். அந்த வாதத்தின் ஓட்டை அந்தப் படத்தைப் போல வேறு எதிலும் இவ்வளவு வெளிச்சமாகத் தெரிவதில்லை.

படம் அழகானது என்பதில் சந்தேகமே வேண்டாம். மெக் ரையனும் டாம் ஹாங்க்ஸும் சேர்ந்து நின்றாலே திரை நிறைந்துவிடுகிறது. வசனம் எஃப்ரானுக்குக் கைவந்த கலை. நியூயார்க்கின் அப்பர் வெஸ்ட் சைடு பகுதியை இலையுதிர்காலத்தில் இவ்வளவு ஆசையோடு காட்டிய படங்கள் குறைவு. நேரில் வாய் திறக்கத் தயங்குகிறவர்கள், முகம் தெரியாத ஒருவருக்கு எழுதும்போது உண்மையைக் கொட்டிவிடுவார்கள் என்பதை, மின்னஞ்சல் புதிதாக இருந்த அந்த நாளிலேயே எஃப்ரான் துல்லியமாகப் பிடித்திருக்கிறார்.

சிக்கல், போட்டி எதற்காக என்பதில் இருக்கிறது. கேத்லீன் கெல்லி நடத்துவது அம்மா விட்டுப்போன சிறுவர் புத்தகக் கடை. ஜோ ஃபாக்ஸ், ஃபாக்ஸ் புக்ஸ் என்ற பெருங்கடைக் குடும்பத்தின் வாரிசு. அவர்களுடைய கிளை பக்கத்திலேயே திறக்கிறது, தள்ளுபடி விலையில் விற்கிறது, கேத்லீனின் கடை மூடுகிறது. எஃப்ரான் இதைக் காற்றிலிருந்து எடுக்கவில்லை. அதே வட்டாரத்தில் பிராட்வே சாலையில் இருந்த ஷேக்ஸ்பியர் அண்ட் கோ புத்தகக் கடை, அருகிலேயே பார்ன்ஸ் அண்ட் நோபிளின் பெருங்கடை வந்தபின் 1996-இல் மூடப்பட்டது. படம் வந்தபோது அந்தப் பகுதி மக்களுக்கு அது ஆறாத காயம்.

மூலக்கதையோடு வைத்துப் பார்த்தால்தான் எஃப்ரான் என்ன செய்தார் என்பது புரியும். மிக்லோஷ் லாஸ்லோ 1937-இல் எழுதிய ஹங்கேரிய நாடகத்தை எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் 1940-இல் ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’ என்று படமாக்கினார். புடாபெஸ்டில் ஒரு கடை, அதில் கிராலிக்காக வரும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் கிளாராவாக வரும் மார்கரெட் சல்லவனும் விற்பனையாளர்கள். அவர்களுடைய முதல் மோதலே ஒரு சிகரெட் பெட்டியால் வருகிறது. மூடியைத் திறந்தால் பாட்டு ஒலிக்கும் பெட்டி. முதலாளிக்கு அதன்மேல் ஆசை. விற்காது என்கிறான் கிராலிக். வேலை கேட்டு வந்து நிற்கும் கிளாரா அதே பெட்டியை எடுத்து, மிட்டாய்ப் பெட்டி என்று சொல்லி ஒரு பெண்மணியிடம் கண்ணெதிரே விற்றுக் காட்டி வேலையை வாங்கிவிடுகிறாள். அவள் கெட்டிக்காரத்தனம், அவனுக்கு ஏற்பட்ட தலைகுனிவு, இருவருக்கும் பின்னால் நிற்கும் வேலையின்மை பற்றிய பயம், மூன்றும் அந்த ஒரே காட்சியில் இருக்கின்றன. இருவரும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். ஒருவர் வாழ்வை அழிக்கும் அதிகாரம் மற்றவரிடம் இல்லை. நடுவில் வேலை போவதும் கிராலிக்குக்குத்தான். அதனால் அங்கே சண்டை கரைந்து காதலாவதை நம்ப முடிகிறது. முகம் தெரியாமல் கடிதத்தில் காதலித்து நேரில் முட்டிக்கொள்ளும் ஜோடியை அகத்தியனின் ‘காதல் கோட்டை’யில் (1996) நாமும் பார்த்தவர்கள்தான். சூர்யாவும் கமலியும் என்ன சண்டை போட்டாலும் ஒருவர் பிழைப்பில் இன்னொருவர் கை வைக்கவில்லை. ரயில் நிலையத்தில் அடையாளமான ஸ்வெட்டர் கண்ணில் பட்டதும் எல்லாம் தீர்ந்துவிடுகிறது, தீர்க்க வேண்டிய பாக்கி எதுவும் அங்கே இல்லாததால்.

எஃப்ரான், சமமான இரண்டு ஊழியர்களில் ஒருவரைப் பெருமுதலாளியாகவும் மற்றவரை அவரால் வீழ்பவராகவும் மாற்றினார். ஆனால் கதையின் முடிவை மாற்றவில்லை. சமமானவர்களுக்குப் பொருந்திய முடிவு இவர்களுக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டார். என் மனத்தாங்கல் முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான்.

‘தன்னைக் கண்டடைதல்’ என்று ரசிகர்கள் கொண்டாடும் பகுதிக்கே வருவோம். கேத்லீனுக்கு ஒரு குறை உண்டு: கோபம் வரும்போது சரியான வார்த்தை வாயில் வராது. மறுபக்கம் இருப்பவன் ஜோ என்று தெரியாமல் இதை மின்னஞ்சலில் அவனிடமே சொல்கிறாள். அவனுக்கோ அந்த வார்த்தைகள் சரளமாக வந்துவிடும். சொன்ன பிறகு வருத்தம்தான் மிஞ்சும் என்று பதில் எழுதுகிறான். பிறகு காஃபே லாலோ காட்சி. முகம் தெரியாத நண்பனுக்காக மேசையில் ரோஜாவும் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலும் வைத்துக் காத்திருக்கிறாள். வெளியில் நிற்கும்போதே ஜோவுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. அதைச் சொல்லாமல் உள்ளே வந்து, எதிரே அமர்ந்து, அவளைச் சீண்டுகிறான். அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு வார்த்தை வருகிறது. அவன் முகத்துக்கு நேரே, குறி தப்பாமல் சொல்லிவிடுகிறாள்.

அவளுடைய விடுதலை அந்தக் கணம்தான். படம் அதை ஒரு இரவுக்கு மேல் அவளிடம் விட்டுவைப்பதில்லை. மறுநாளே முகம் தெரியாத நண்பனுக்கு எழுதுகிறாள்: நேற்றிரவு ஒருவரிடம் கொடுமையாகப் பேசிவிட்டேன், நீங்கள் சொன்னதுபோல வருத்தமாக இருக்கிறது, நான் நசுக்கப்பட வேண்டிய பூச்சி என்றுதான் அவர் நினைக்கிறார், என்றாலும் நான் அப்படிப் பேசியதற்கு மன்னிப்பு இல்லை. பிழைப்பை இழந்துகொண்டிருப்பவள் ஒரு வார்த்தைக்காகக் கூசுகிறாள். அந்தக் கூச்சத்தைப் படிக்கிறவனோ அவளை நசுக்கிக்கொண்டிருப்பவன். இதை வளர்ச்சி என்று எப்படிச் சொல்ல முடிகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

அங்கிருந்து கடைசிவரை அவனுக்கு எல்லாம் தெரியும், அவளுக்கு எதுவும் தெரியாது. கிராலிக்கும் முதலில் உண்மையை அறிகிறவன்தான். ஆனால் அப்போது அவன் வேலையை இழந்து நிற்கிறான். ஜோவிடம் பணம், கடை, தகவல் எல்லாமே இருக்கின்றன. கடை மூடி அவள் காய்ச்சலில் கிடக்கும்போது டெய்சிப் பூக்களோடு வருகிறான். அது வியாபாரம், தனிப்பட்ட விஷயம் இல்லை என்கிறான். உனக்கு அது தனிப்பட்ட விஷயமாக இல்லாமல் இருக்கலாம், எனக்கு அப்படி இல்லை என்று அவள் சொல்லும் பதிலை விடச் சரியான தீர்ப்பை எந்த விமர்சகரும் எழுதிவிட முடியாது. எஃப்ரானுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தே அதைக் கடந்து போகிறார். ஏனென்றால் படத்தின் இறுதிப் பகுதியில், சந்திக்க வராமல் ஏமாற்றிய அந்த ஆளை மன்னிக்க முடிகிற உன்னால் கடையை மூட வைத்த இந்தச் சின்ன விஷயத்துக்கு என்னை மன்னிக்க முடியவில்லையா என்று ஜோ அவளிடம் கேட்கிறான். சின்ன விஷயம்! அவளும் கண்கலங்கி நிற்கிறாள், படமும் அவனோடு நிற்கிறது.

இதற்கு ஜேன் ஆஸ்டினைத் துணைக்கு அழைப்பார்கள். கேத்லீனின் மேசையிலேயே அந்த நாவல் இருக்கிறதே, டார்சியும் எலிசபெத்தும் இப்படித்தானே என்பார்கள். இல்லை. 1813-இல் வந்த அந்த நாவலில் டார்சி முதல் முறை கேட்டபோது எலிசபெத் மறுக்கிறாள். தன் அக்காள் ஜேனின் வாழ்வைக் கெடுத்தவன் என்ற காரணத்தையும் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அப்படிச் சொன்ன குற்றத்தில் எது உண்மையோ அதற்காக ஆஸ்டின் அவளை வருந்த வைப்பதில்லை. மாற வேண்டியவன் டார்சி. ஜேனை விரும்பிய பிங்லியை அவளிடமிருந்து பிரித்தவனே அந்தத் தடையை நீக்குகிறான். விக்கமோடு ஓடிப்போன தங்கை லிடியாவை மீட்க, தான் வெறுக்கும் அவனுக்கே பணம் கொடுக்கிறான், அதுவும் எலிசபெத்துக்குத் தெரியாமல். செய்த தீங்கைச் சரிசெய்துவிட்டு வந்து நிற்பவனிடம்தான் எலிசபெத் மனம் திரும்புகிறாள். ஜோ ஃபாக்ஸ் எதைச் சரிசெய்தான்? ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தவில்லை.

அந்தச் சின்னக் கடைகள் எப்படியும் போயிருக்கும், பெருங்கடைகளையே இணைய வணிகம் விழுங்கிவிட்டது, பார்டர்ஸ் நிறுவனமே 2011-இல் மூடப்பட்டுவிட்டது, இதில் ஜோவைக் குறைசொல்லி என்ன பயன் என்றும் சிலர் வாதிடுவதுண்டு. பின்னால் வந்த வெள்ளம் முன்னால் இடித்தவனின் கையைக் கழுவிவிடாது. அவன் இடித்தபோது இடிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியும்.

புதிய நாவல்கள் இந்தத் தவறை அப்படியே செய்வதில்லை. வேறு வழியில் தப்பிக்கின்றன. ‘தி ஹேட்டிங் கேம்’ நாவலில் ஒரே பதிப்பகத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் லூசியும் ஜோஷுவாவும் ஒரே பதவி உயர்வுக்கு மோதுகிறார்கள். நாவலின் விறுவிறுப்பெல்லாம் அந்த மோதலில்தான். கடைசியில் ஜோஷுவா வேறு நிறுவனத்தில் வேலை தேடிக்கொண்டு விலகிவிடுகிறான். இருவரும் கடைசிவரை மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்பது நமக்குத் தெரியாது, லூசிக்கும் தெரியாது. தன் திறமையைத் தானே அறிந்துகொள்ளும் வாய்ப்பை அவளிடமிருந்து பறித்துவிட்டு, அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்தாயிற்று.

‘பீச் ரீட்’ இவற்றை விட எவ்வளவோ மேல். அப்பாவின் மரணத்துக்குப் பிறகு அவருடைய இன்னொரு வாழ்க்கையைக் கண்டுபிடித்து நொறுங்கிப்போன காதல் நாவலாசிரியை ஜனவரி, கல்லூரிக் காலப் போட்டியாளனான இலக்கிய எழுத்தாளன் கஸ்ஸுக்கு மிச்சிகன் ஏரிக்கரையில் பக்கத்து வீட்டுக்காரியாகிறாள். ஒருவர் வகையில் மற்றவர் நாவல் எழுதுவது என்று பந்தயம். இங்கே இருவரும் சமம். இருவரும் வேலை செய்வதை நாம் பார்க்கிறோம், அவள் துக்கமும் மெய்யானது. இருந்தும், மகிழ்ச்சியான முடிவு பொய்யா மெய்யா என்று இருவரும் மோதும் கேள்விக்கு நாவல் விடை தேடிப் போகவில்லை. காதல் நாவலாக எழுதப்பட்டதால் விடை முதல் பக்கத்திலேயே முடிவாகிவிட்டது. கஸ் தோற்கத்தான் வந்திருக்கிறான்.

எஃப்ரானின் படத்தில் எனக்குப் பிடித்த காட்சி ஒன்றையும் சொல்ல வேண்டும், என் தரப்புக்கு அதுவே சாட்சி. கடை மூடிய பிறகு கேத்லீன் ஃபாக்ஸ் புக்ஸுக்குள் போகிறாள். சிறுவர் பிரிவில் ஒரு பெண்மணி ‘ஷூ’ புத்தகங்கள் வேண்டும் என்கிறார். ஊழியருக்கு எழுத்தாளர் பெயர் தெரியவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த கேத்லீன், நோயல் ஸ்ட்ரெட்ஃபீல்ட் என்கிறாள், எதில் தொடங்கிப் படிக்கலாம் என்றும் சொல்கிறாள். சொல்லும்போதே கண் நிறைகிறது. அவள் யார், அவள் கடை எதற்கு இருந்தது, அது போனதால் அந்தத் தெருக் குழந்தைகளுக்கு என்ன போனது, எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிறது. கேத்லீன் தன்னைக் கண்டடைவதற்கு யாரும் எதையும் மூட வேண்டியிருக்கவில்லை. அவள் ஏற்கெனவே அந்த ஆள்தான், அம்மா கற்றுக்கொடுத்த வேலையை நன்றாகச் செய்துகொண்டிருந்தவள். அந்தக் காட்சியை எழுதிய எஃப்ரான், அவளுடைய அந்த அழுகைக்கு முன் ஜோ என்ன செய்வான் என்று கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு இருந்திருந்தால், ஜோ எதையாவது இழந்தாக வேண்டியிருக்கும்.