அழைப்பிதழும் எழுத்துருவும்: ‘கவிவாணர்’ பற்றி ஒரு நோக்கு

கண்டி நகரில் அச்சாகும் திருமண அழைப்பிதழ்கள் பலவற்றிலே ஒரு முரண்பாட்டைக் காணலாம். மணமக்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் இழையோடும் கொடியெழுத்திற் பொறிக்கப்பட்டிருக்கும். அதே பெயர்கள் தமிழில் செய்தித்தாளுக்குரிய நேரெழுத்தில் நிற்கும். அழகு ஆங்கிலத்துக்கு, செய்தி தமிழுக்கு என்னும் இப்பங்கீடு எவ்வாறு ஏற்பட்டது என்பது ஆராயற்பாலது.

ஆங்கிலக் கொடியெழுத்து இறகுப் பேனாவின் பிள்ளை. பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும், கை எடுபடாது ஓடுவதால் எழுத்துக்கள் இணையும். 1966இல் மத்தியூ காட்டர் வரைந்த ‘சினெல் ரவுண்ட்ஹாண்ட்’ என்னும் எழுத்துரு, சார்ல்ஸ் சினெல் என்ற பழைய எழுத்தாசிரியரின் கையெழுத்தைத் தழுவியது. ஈயத்தில் அரிதாயிருந்த இவ்விணைப்பினை ஒளியச்சுக்கோப்பு எளிதாக்கிற்று.

தமிழின் வரலாறு வேறு. ஏட்டிலே எழுத்தாணி கீறிய கோட்டிற்குத் தடிப்பு மெலிவு இல்லை. ஓலை கிழியுமென்று புள்ளியும் பெரும்பாலும் விடப்பட்டது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு வகுத்தவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர். எழுத்துக்கள் தனித்தனியே நிற்பதும் நம் மரபே. ஆகவே ஆங்கிலக் கொடியைத் தமிழ்மீது படரவிடுவோர் பிறர் கையை இரவல் வாங்குகின்றனர். (அவ்வாறு வரைந்த தலைப்புக்களை வாசிக்க, முன்னரே பொருள் தெரிந்திருக்கவேண்டும்!)

இப்பின்னணியில் இலங்கையரான தாரிக் அசீஸ் வடிவமைத்த ‘கவிவாணர்’ கவனத்திற்குரியது. கட்டணமின்றிக் கிடைக்கும் இவ்வெழுத்துரு தமிழ்க் கையெழுத்தின் இயல்பிலிருந்து பிறந்தது. எழுத்துக்கள் வலப்புறம் சாய்ந்துள்ளன. ஆயினும் ஒன்றோடொன்று பிணைக்கப்படவில்லை. நேரெழுத்தைக் கணினியாற் சரிக்கும்போது ழகரத்தின் வளைவும் ணகரத்தின் சுழிகளும் நசிந்துவிடுகின்றன. இங்கோ சாய்வு, வரையும்போதே கருதப்பட்டது. பந்துமுனைப் பேனாவால் விரைந்தெழுதும் தமிழர் கையை இதில் இனங்காணலாம். அலங்காரம் மிகாத இவ்வடக்கமே இதன் தலையாய சிறப்பு எனத் துணிந்து கூறலாம்.

எனினும் இதனைக் கண்டபடி பயன்படுத்தல் தகாது. நூலின் தலைப்பு, கவிதைத் தொகுதியின் அட்டை, கலைவிழா அழைப்பிதழ் ஆகியவற்றுக்கு இது மிகப் பொருந்தும். பத்துப் பக்கக் கட்டுரையை இதிற் கோத்தால் கண் சோரும். பேருந்தில் விரைவோர் வாசிக்கவேண்டிய பெயர்ப்பலகைக்கும் நேரெழுத்தே தக்கது.

குறையும் உண்டு. இதற்கு ஒரே தடிப்புத்தான். மும்மொழி அழைப்பிதழிலே தடித்த சிங்கள எழுத்தின் பக்கத்தில் இது மெலிந்து தோன்றும். அச்சகத்தார் அதைச் சரிக்கட்டக் கணினியாற் செயற்கையாகத் தடிக்கச் செய்வர். அப்போது சுழிகள் அடைபட்டு, ‘ண’ எது, ‘ன’ எது எனத் தடுமாற நேர்கிறது. தடித்த வடிவமொன்று தனியே வரையப்படும்வரை, தமிழின் புள்ளியளவைக் கூட்டி, சிங்களத்தை மெல்லிய வடிவிற் கோப்பதே அச்சகத்தார் செய்யத்தக்கது.