தாழ்மையும் சாதியும்: பெத்லகேம் குறவஞ்சி பற்றிய ஒரு நோக்கு

கிறித்தவ அறநோக்கிலே தாழ்மையும் அகவழகும் பிரித்தற்கரியன. புற அணிகளை விடுத்து, சாந்தமான உள்ளத்தையே மெய்யான அணியாகக் கொள்ளுமாறு பேதுருவின் முதலாம் நிருபம் அறிவுறுத்துகின்றது. ஆயின், எந்த அறமும் வெறுவெளியில் நிலவுவதில்லை. எத்தகைய சமுதாய உறவுகளுக்கிடையே, யாரை நோக்கி அது கூறப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைகின்றது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி இதற்குத் தக்க சான்றாகும்.

குறவஞ்சி அரசவையிலும் கோயிலிலும் வளர்ந்த இலக்கிய வகை. உலாவரும் தலைவனைக் கண்டு தலைவி காதலுறுவாள். மலைக்குறத்தி வந்து குறியுரைப்பாள். சாஸ்திரியார் கிறித்துவைத் தலைவனாகவும், அவரை நாடும் திருச்சபையைத் தலைவியாகவும், விசுவாசத்தைக் குறத்தியாகவும் உருவகித்தார். மாட்டுத் தொழுவிற் பிறந்தவன் பாட்டுடைத் தலைவனாகிறான். ஊரூராய் அலையும் குறத்தியின் வாயிலாகவே மீட்பின் செய்தி வெளிப்படுகின்றது. சமுதாயத்தின் அடித்தளத்தில் வைக்கப்பட்டவளே ஈண்டு உண்மை உரைக்கும் உரிமை பெறுகின்றாள். மரபுவழி வந்த வடிவம் புதிய உள்ளடக்கத்தினாற் புத்தாற்றல் பெற்றமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆனால், வேளாள மரபினரான இக்கவிஞரே, தஞ்சைத் திருச்சபையில் நிலவிய சாதி வேறுபாட்டை ஆதரித்து 1829இல் எழுதினார். ஒடுக்கப்பட்ட சாதியினரோடு ஒன்றாக அமர்ந்து நற்கருணை பெறவேண்டுமென்று புதிதாக வந்த மிஷனரிமார் வற்புறுத்தியதை அவர் எதிர்த்தார். பாடலிலே போற்றப்பட்ட தாழ்மை, ஆலயத்தின் இருக்கை வரிசையை எட்டியதும் நின்றுவிட்டது.

இதனை வெறும் போலித்தனம் எனக் கூறி ஒதுக்குவது எளிது, ஆனால் போதியதன்று. அதே மிஷனரிமார் வழிபாட்டிலே தமிழிசைக்கும் மலர் அலங்காரத்துக்கும் தடைவிதிக்க முற்பட்டனர். எனவே பண்பாட்டு உரிமையைப் பேணும் நியாயமான குரலும், நிலமானிய மேலாண்மையைப் பேணும் குரலும் சாஸ்திரியாரின் எழுத்திற் கலந்தொலித்தன. முன்னதை ஏற்கும் நாம் பின்னதை மறுத்தே ஆகவேண்டும். சாதி வேறுபாட்டைக் கைவிடுமாறு கல்கத்தா ஆயர் டானியல் வில்சன் 1833இல் ஆணையிட்டபோது பலர் சபையை விட்டு விலகினர். சிக்கல் தனியொரு கவிஞருடையதன்று, அவர் சார்ந்த வர்க்கத்தினுடையது என்பதை இது காட்டும்.

அழகு அகத்தே உள்ளதாயின், அருகிருப்பவரின் உடல் தீட்டாவது எங்ஙனம்? இவ்வினாவுக்குக் குறவஞ்சியின் குறத்தி விடையளித்துவிட்டாள். அவளைப் படைத்தவரோ அதனை ஏற்கவில்லை. தாழ்த்தப்பட்டோரிடம் தாழ்மையைக் கோருவது அறமாகாது. அது அவர்கள்மீது ஏற்கெனவே சுமத்தப்பட்ட நிலைமையே. உயர்நிலையில் இருப்போர் தம் இருக்கையை விட்டு இறங்கும்போதுதான் தாழ்மை அறமாகின்றது. கவிஞரின் கருத்துநிலையைக் கடந்து அவரது படைப்பு சென்றதென்பதே பெத்லகேம் குறவஞ்சி நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.