மணிபிளாண்ட் மோகனம் பாடுமா?

செடியின் பாட்டைக் கேட்கலாம் என்று விற்கும் கருவிகளில் ஒன்று சில வாரங்களாக எங்கள் ஹால் ஜன்னலோரம் கிடக்கிறது. உள்ளங்கை அகலப் பெட்டி, இரண்டு ஒயர், முனையில் ஈசிஜி எடுக்கும்போது மார்பில் ஒட்டுவார்களே, அதே பசை வில்லைகள். ஆளுக்கொரு இலையில் ஒட்டிவிட்டு போனில் ஆப்பைத் திறந்தால் இசை வருகிறது. இனிமையாகத்தான் வருகிறது. எனக்கு எரிச்சலே அந்த இனிமைதான்.

சங்கதி சுலபம். இலை வழியாக மெல்லிய மின்சாரம் போகிறது. இலையின் ஈரம் மாற மாற மின்தடை மாறும். உள்ளே இருக்கும் 555 டைமர் சிப் அதைத் துடிப்புகளாக்கித் தரும். ஏற்ற இறக்கம் ஒரு வரம்பைத் தாண்டினால் மிடி (MIDI) என்கிற மின்னிசைக் குறியில் ஒரு ஸ்வரம். அது பியானோவா, புல்லாங்குழலா, எந்த ஸ்வர வரிசை என்பதெல்லாம் ஆப் போடும் சட்டம். பெட்டியைப் பிரித்ததும் இருக்கும் அமைப்பில் ஐந்தே ஸ்வரம், நம்ம மோகனம். மோகனத்தின் ஐந்தை எந்த வரிசையில் உருட்டினாலும் காதை உறுத்தாது. மின்கட்டண ரசீதில் உள்ள எண்களைக் கொடுத்தாலும் உறுத்தாது.

சந்தேகம் வந்து, உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த கைக்குட்டையில் வில்லைகளை ஒட்டினேன். அதுவும் மோகனம் பாடியது. பக்கத்தில் போனால் செடி நம்மை அடையாளம் கண்டுகொண்டு வேகமாகப் பாடும் என்கிறது கூட வந்த தாள். கைக்குட்டையும் என்னை அடையாளம் கண்டது! வீட்டு ஒயரிங்கின் இரைச்சலை நம் உடம்பு ஆன்டெனா மாதிரி வாங்கிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். சார்ஜரைப் பிடுங்கியதும் பாசம் பாதியாகக் குறைந்துவிட்டது.

மெனுவில் ‘இந்தியன்’ என்று ஒரு ஸ்வர வரிசை வேறு. 72 மேளகர்த்தா வைத்திருக்கும் ஊருக்கு ஒற்றை பட்டன். அது எந்த ராகம் என்று வீட்டில் பாட்டுத் தெரிந்தவர்களுக்கும் பிடிபடவில்லை.

செடிக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. தொட்டாற்சுருங்கியின் மின் துடிப்பை ஜகதீஷ் சந்திர போஸ் நூறு வருஷத்துக்கு முன்பே பதிவு செய்து காட்டிவிட்டார். நிஜமான ஓசையும் உண்டு. தண்ணீரில்லாமல் வாடும் தக்காளியும் புகையிலையும் மணிக்கு 30 முதல் 50 தடவை ‘டிக்’ என்று சொடுக்குவதை, டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் லிலாக் ஹடானி குழு 2023இல் வெளியிட்டது. தண்டின் நீர்க்குழாய்களில் காற்றுக்குமிழி உருவாகி உடைவதால் இருக்கலாம் என்கிறார்கள். எல்லாம் 40 முதல் 80 கிலோஹெர்ட்ஸ். நம் காது 20-ஐத் தாண்டாது. இந்தப் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதில் மைக்கே கிடையாது.

பிறகு ஆப்பை மூடினேன். மிடியை ஓர் இலவச சிந்தசைசருக்குக் கொடுத்து, பன்னிரண்டு ஸ்வரத்தையும் திறந்துவிட்டு, வரம்புத் திருகையும் ஏற்றி வைத்தேன். இனிமை போயிற்று, முக்கால்வாசி நேரம் சத்தமே இல்லை. காலையில் திரைச்சீலையை விலக்கி இலையில் வெயில் விழுந்ததும் ஸ்வரங்கள் தாறுமாறாகக் கொட்டின. மறுநாள் அதே வெயிலில் கைக்குட்டையைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றிரண்டு முனகலோடு சரி. இது ஆராய்ச்சியல்ல, தெரியும். ஆனாலும் கொடுத்த காசுக்கு இந்த ஒரு காலை போதும் என்று பட்டது.

வாங்குகிறவர்களுக்கு: கற்பூரவல்லியின் ரோமத்தில் வில்லை நிற்காது, துளசி இலையோ வில்லையைவிடச் சின்னது. கற்றாழையும் மணிபிளாண்ட்டும் வசதி. ஒரே இலையில் நாள்கணக்கில் விட்டால், பிய்த்த இடம் வட்டமாகப் பழுத்துப்போகிறது. இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். மாற்று வில்லைகள் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும். ஆப்பின் மாதச் சந்தாவுக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள்.