பேட்ரிக் என்ற பெயர்

பேட்ரிக் அயர்லாந்தின் பெயராக அறியப்பட்டாலும் அதன் வேர் லத்தீன். 'பத்ரீசியுஸ்' என்றால் உயர்குடிப் பிறந்தவர். ஐந்தாம் நூற்றாண்டில் அயர்லாந்தில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய துறவியின் பெயர் அது. அவருடைய திருநாள் மார்ச் 17. அயர்லாந்துக்காரர்கள் பல நூற்றாண்டுகள் இப்பெயரைப் பிள்ளைகளுக்கு நேரடியாக வைக்கவில்லை. புனிதரின் பெயரைச் சொல்லி அதட்டுவது எப்படி என்ற தயக்கம் போலும். 'பேட்ரிக்கின் அடியார்' எனப் பொருள்படும் 'கில்லாபேட்ரிக்' என்றே வைத்தார்கள். நம் ஊர் ராமதாசும் சிவதாசும் இதே வழியில் வந்தவர்கள்தாம். பதினேழாம் நூற்றாண்டுக்குப் பிறகே தயக்கம் விலகி, வீட்டுக்கு வீடு பேட்ரிக் ஆனது.

சென்னையின் தென்பகுதிக்கு இப்பெயரைக் கொண்டுவந்ததில் படையினருக்கும் துறவியருக்கும் பங்குண்டு. ஆங்கிலேயப் படையில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். பரங்கிமலையும் பல்லாவரமும் கன்டோன்மென்ட் ஊர்கள். பரங்கிமலையில் புனித பேட்ரிக் ஆலயம் இருக்கிறது. அயர்லாந்தில் 1808இல் தொடங்கிய பேட்ரிக் சகோதரர்கள் சபை 1875இல் சென்னைக்கு வந்தது. அடையாற்றின் புனித பேட்ரிக் பள்ளி அவர்களுடையது. ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் இப்பெயர் இயல்பாகப் புழங்கியது. தமிழ்க் கத்தோலிக்கர் அதைப் பத்ரீசியார் என்று கனிவாக்கிக்கொண்டனர். தமிழ் நாவுக்கு இதுவே அழகு.

1947க்குப் பின் ஆங்கிலோ இந்தியர் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர, பெயரும் அவர்களோடு கப்பலேறியது. அயர்லாந்திலேயே இன்று முன்னிடம் பேட்ரிக்குக்கு இல்லை. 2007 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் அங்கே முதலிடம் ஜாக்குக்குத்தான்.